தரம் யாருக்கு? செயற்கைப் பட்டின் நூறு வருடக் கதை

உங்கட அலுமாரியில் இருக்கிற உடுப்புகளின் கழுத்துப் பக்கத்தில் தைத்திருக்கும் சின்ன லேபலை ஒருக்கா வாசித்துப் பாருங்கோ. பருத்தி, பொலியெஸ்டர் எண்டு இரண்டு பெயர் எப்படியும் வரும். அதற்கு அடுத்ததாக அடிக்கடி கண்ணில் படுவது 'விஸ்கோஸ்' அல்லது 'ரேயோன்'. உடம்பில் குளிர்ச்சியாக விழும், பட்டு மாதிரி மினுங்கும், விலையும் குறைவு. வெயிலுக்கு நல்லது எண்டு கடைக்காரரே சொல்லுவார். இது பருத்தியும் இல்லை, பெற்றோலியத்திலிருந்து வரும் பிளாஸ்ரிக் நூலும் இல்லை. மரத்தைக் கரைத்து, திரும்ப இழையாக்கி எடுத்தது.

மரமும் பஞ்சும் புல்லும் செலுலோசு என்ற ஒரே பொருளால் ஆனவை. அந்தப் பொருளுக்கு அந்தப் பெயரை வைத்தவர் பிரெஞ்சு இரசாயனவியலாளர் அன்செல்ம் பயன். அவர் அதைப் பிரித்தெடுத்தது 1838இல். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட இருநூறு வருடமாக, செலுலோசிலிருந்து மனிதர் செய்த நாரையும் தாளையும் எப்படி இன்னும் தரமாக்குவது எண்டு எத்தனையோ பேர் மண்டையைப் போட்டு உடைத்திருக்கிறார்கள். தீப்பிடிக்காமல், அறுந்துபோகாமல், நனைந்தால் இளகாமல், ஈரத்தை உள்ளே விடாமல் எண்டு அந்தப் பட்டியல் நீளும்.

சாதாரண தரப் பரீட்சையோடு இரசாயனத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் கலைப்பீடத்துக்கு வந்தவர்கள் நாங்கள். ஆகவே இங்கே சமன்பாடுகள் இல்லை. நாங்கள் கேட்பது ஒரு வரலாற்றுக் கேள்வி: இந்த நீண்ட முயற்சியில் எந்தக் குறை உடனே கவனிக்கப்பட்டது, எந்தக் குறை கடைசிவரை பின்னுக்குத் தள்ளப்பட்டது?

பட்டுப்புழுவைப் பார்த்துச் செய்தது

பட்டுப்புழு ஒரு பசையை வாயால் இழுத்து நூலாக்குகிறது. அப்படியெண்டால் மனிதரும் ஒரு பசையைச் செய்து இழுக்கலாம்தானே? இந்த யோசனையை ஆங்கிலேய அறிஞர் ரொபேர்ட் ஹூக் 1665ஆம் ஆண்டிலேயே தன்னுடைய நுணுக்குக்காட்டி நூலில் எழுதிவைத்தார். ஆனால் பசை கிடைக்க இன்னும் இருநூறு வருடம் எடுத்தது. 1846இல் ஷோன்பைன் என்பவர் பஞ்சை நைத்திரிக்கமிலத்தோடு சேர்த்து நைத்திரோசெலுலோசை உருவாக்கினார். அது வெடிமருந்தாகவும் பயன்பட்டது. கரைத்தால் பசையாகவும் ஆனது.

பிரித்தானியாவில் ஜோசப் சுவான் இந்தப் பசையைச் சிறு துளைகளுக்குள்ளால் பிதுக்கி இழையாக்கினார். அவருக்குத் தேவைப்பட்டது துணி அல்ல, மின்குமிழுக்குள் போடும் காபன் இழை. பிரான்சில் ஹிலேர் த ஷார்தொனே அதே வழியைத் துணிக்குக் கொண்டுபோனார். பட்டுப்புழுக்களைக் கொன்றுகொண்டிருந்த நோயை ஆராய்ந்த லூயி பாஸ்டரோடு வேலை செய்தவர் அவர். புழுவே இல்லாமல் பட்டுக் கிடைத்தால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் அங்கே பிறந்திருக்க வேண்டும். 1884இல் காப்புரிமை பெற்றார். 1889 பாரிஸ் கண்காட்சியில் அவருடைய செயற்கைப் பட்டைச் சனம் கூடி நின்று பார்த்தது. பிறகு பெசன்சோன் நகரில் தொழிற்சாலையும் வந்தது.

ஆனால் வெடிமருந்தின் உறவுக்காரத் துணியை யார் உடுப்பது? மினுக்கம் இருந்தது, நெருப்புப் பயமும் இருந்தது. ஆகவே செலுலோசு நாரின் வரலாற்றில் முதலாவது பெரிய 'தர உயர்வு' நைத்திரேற்றை நீக்குவதுதான். நூலாக இழுத்த பிறகு அதைச் சல்பைட்டுக் கரைசலில் தோய்த்து, எரியும் தன்மையைக் குறைத்தார்கள். வாங்குபவரின் உடம்பில் தீப்பிடித்தால் வியாபாரம் அன்றோடு முடிந்துவிடும். அதனால் இந்தக் குறையைத் தீர்க்க அதிக காலம் எடுக்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கோ, பிறகு தேவைப்படும்.

தேன் நிறத் திரவம்

1892இல் சார்ள்ஸ் குரொஸ், எட்வேர்ட் பெவன், கிளேற்றன் பீடில் என்ற மூன்று ஆங்கிலேயர்கள் வேறொரு வழிக்குக் காப்புரிமை எடுத்தார்கள். இன்றுவரை உலகம் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகிறது.

விசயம் இதுதான். மரக்கூழை எரிசோடாவில் ஊறவைத்துப் பிழிய வேண்டும். துருவலாக்கி, கொஞ்சக் காலம் முதிரவிட வேண்டும். பிறகு மூடிய பீப்பாவுக்குள் போட்டு, காபனிருசல்பைட்டு என்ற திரவத்தைச் சேர்த்து உருட்ட வேண்டும். வெள்ளைத் துருவல் தோடம்பழ நிறத்துக்கு மாறும். அதைத் திரும்பவும் ஐதான எரிசோடாவில் கரைத்தால் தேன் மாதிரித் தடித்த திரவம் ஒன்று கிடைக்கும். 'விஸ்கோஸ்' எண்டு பெயர் வந்தது அந்தத் தடிப்பினால்தான். இந்தத் திரவத்தை நுண்துளைகளுக்குள்ளால் அமிலத் தொட்டிக்குள் பாய்ச்சினால் அது உறைந்து பழையபடி செலுலோசாகிவிடும். ஆனால் மரமாக அல்ல, நூலாக. இடையில் சேர்த்த காபனிருசல்பைட்டு நூலில் தங்காது. வாயுவாகி வெளியே போய்விடும். எங்கே போகும்? தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பவரின் மூக்குக்கும் கண்ணுக்கும்தான்.

மூலப்பொருள் மலிவு என்றாலும் முதலில் வந்த நூல் உதவாத நூல். ஒரு இடத்தில் தடிப்பு, ஒரு இடத்தில் மெலிவு, இழுத்தால் அறும். சுவானோடு மின்குமிழ் வேலை செய்த சார்ள்ஸ் ஸ்ரேர்ன் இலண்டனுக்குப் பக்கத்தில் கியூ என்ற இடத்தில் இதைச் சரிப்படுத்த முயன்றார். அவரோடு வேலை செய்த சார்ள்ஸ் ரொப்பம் இரண்டு காரியம் செய்தார். திரவத்தை உடனே பாவிக்காமல் சில நாட்கள் 'பழுக்க' விட்டால்தான் ஒழுங்கான இழை வரும் எண்டு கண்டுபிடித்தார். வேகமாகச் சுழலும் ஒரு பெட்டியையும் செய்தார். மேலிருந்து விழும் ஈர நூல் சுழற்சியில் பெட்டியின் சுவரோடு ஒட்டி, தானாகவே முறுக்கேறிக் கட்டியாகச் சேரும். 'ரொப்பம் பெட்டி' எண்ட பெயரில் அது பல பத்தாண்டுகள் உலகெங்கும் சுழன்றது. 1905இல் ஜேர்மனியைச் சேர்ந்த மக்ஸ் முல்லர், சல்பூரிக்கமிலத்தோடு உப்பும் சேர்ந்த தொட்டியைக் கொண்டுவந்தார். நூல் இன்னும் சீரானது.

இந்த உரிமைகளை 1904இல் வாங்கியது கோர்டோல்ட்ஸ் கம்பனி. அதுவரை அவர்களுடைய முக்கிய வியாபாரம் என்ன தெரியுமோ? செத்த வீட்டுக்குப் பெண்கள் உடுக்கும் கறுப்புப் பட்டுத் துணி. விக்ரோறியா மகாராணி காலத்துத் துக்க வழக்கம் மெல்ல மறைய, அந்தச் சந்தையும் சுருங்கியது. அந்த நேரத்தில்தான் அவர்கள் செயற்கைப் பட்டில் பணத்தைப் போட்டு, 1905இல் கொவென்றி நகரில் ஆலையைத் திறந்தார்கள். 1910இல் அமெரிக்காவில் கிளைக் கம்பனி தொடங்கியது. அது எவ்வளவு சம்பாதித்தது என்றால், 1941இல் அமெரிக்காவின் போர் உதவி வேண்டி நின்ற பிரித்தானிய அரசு, தன் நாட்டவர் கையிலிருந்த பெரிய சொத்துகளில் ஒன்றாக அந்தக் கிளையை அமெரிக்கர்களுக்கு விற்கச் செய்தது. 'செயற்கைப் பட்டு' என்ற பெயர் போலியை ஞாபகப்படுத்துகிறது எண்டு 1924இல் அமெரிக்க வியாபாரிகள் 'ரேயோன்' என்ற புதுப் பெயரையும் வைத்துக்கொண்டார்கள். பெயரை மாற்றுவதும் ஒரு வகைத் தர உயர்வுதானே!

நனைந்தால் பலம் போகும் நூல்

அடுத்த குறை, தோய்க்கும்போது தெரிந்தது. பருத்தி நனைந்தால் பலம் கூடும். விஸ்கோஸ் நனைந்தால் கிட்டத்தட்டப் பாதிப் பலத்தை இழக்கும். முறுக்கிப் பிழிந்தால் கிழியும், காயவிட்டால் சுருங்கும்.

காரணம் உள்ளமைப்பில் இருக்கிறது. அமிலத்தில் விழுந்தவுடன் நூலின் வெளித்தோல் சட்டென உறைந்துவிடும். உள்பக்கம் ஆறுதலாக உறையும். தோலும் உள்ளும் ஒத்துவராத நூல் அது. தொட்டியில் நாக சல்பேற்றைச் சேர்த்தபோது உறைவது மெதுவானது. அந்த இடைவெளிக்குள் நூலை நன்றாக இழுத்து நீட்ட முடிந்தது. இழுக்க இழுக்கச் செலுலோசுச் சங்கிலிகள் ஒரே திசையில் வரிசைக்கு வந்தன. 1930களில் இப்படி வந்த உறுதியான ரேயோன் ரயர்களுக்குள் போனது. வாகனமும் விமானமும் ஓடிய இரண்டாம் உலகப் போரில் அது ஒரு போர்ப் பொருள்.

நீண்ட இழையாக மட்டும் இல்லாமல், துண்டு துண்டாக வெட்டிப் பஞ்சு மாதிரி நூற்கும் நாராகவும் விஸ்கோஸ் மாறியது. பருத்தி விளையாத நாடுகளுக்கு அது ஒரு அரசியல் கனவு. முசோலினியின் இத்தாலி நாணலிலிருந்து செலுலோசு எடுக்க ரோர்விஸ்கோசா என்ற ஊரையே கட்டி 1938இல் திறந்தது. ஊரின் பெயரிலேயே விஸ்கோஸ். ஹிட்லரின் ஜேர்மனி இதைச் 'செல்லுலோசுக் கம்பளி' எண்டு பெயர் சூட்டிப் பரப்பியது. 1930களின் பிற்பகுதியில் உலகின் மிகப் பெரிய ரேயோன் உற்பத்தியாளராக ஜப்பான் வளர்ந்தது. போருக்குப் பிறகு அதே ஜப்பானில், நனைந்தாலும் பலம் குறையாத 'பொலினோசிக்' வகை நார் உருவானது. ஒஸ்ரியாவில் 'மோடல்' வந்தது. இன்று உள்ளாடைகளில் மென்மைக்குப் பெயர் போன மோடல், அந்த ஈரப் பலவீனத்துக்குக் கிடைத்த பதில்களில் ஒன்று. ஆனால் இந்த உயர்தர வகைகளுக்குச் சாதாரண விஸ்கோஸைவிட அதிக காபனிருசல்பைட்டுத் தேவை. நூலின் தரமும் நஞ்சின் அளவும் சேர்ந்தே ஏறின.

கண்ணாடித் தாள்

அதே தேன் நிறத் திரவத்தைத் துளைக்குப் பதிலாக நீண்ட வெடிப்பு ஒன்றுக்குள்ளால் விட்டால் நூல் வராது, தாள் வரும். சுவிற்சர்லாந்துக்காரர் ஜாக் பிராண்டன்பெர்கர் உணவகம் ஒன்றில் மேசை விரிப்பில் வைன் கொட்டுப்பட்டதைக் கண்டு, கறை பிடிக்காத துணி செய்ய வெளிக்கிட்டாராம். துணிக்குப் பூசிய விஸ்கோஸ் விறைத்துப் போய் உரிந்து வந்தது. துணி தோற்றது, உரிந்த தாள் வென்றது. 'செலோபேன்' எண்டு அதற்குப் பெயர் வைத்தார். எங்கட ஊரில் கண்ணாடிப் பேப்பர் எண்டு சொல்லுகிறோமே, அதன் மூதாதை.

செலோபேனின் குறை வேறு மாதிரியானது. தண்ணீர் ஊற்றினால் கசியாது. ஆனால் நீராவி தாராளமாக ஊடுருவும். சுற்றிவைத்த இனிப்பும் பாணும் சிகரெட்டும் ஒன்றில் காய்ந்துபோகும், அல்லது நமுத்துப்போகும். அமெரிக்க உரிமையை வாங்கியிருந்த டூபொன்ற் கம்பனியில் வில்லியம் ஹேல் சார்ச் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கலவைகளைச் சோதித்து, 1927இல் ஒரு மெல்லிய பூச்சைக் கண்டுபிடித்தார். நைத்திரோசெலுலோசும் மெழுகும் சேர்ந்த பூச்சு அது. நூலிலிருந்து துரத்தப்பட்ட அந்த எரியும் பொருள், தாளின்மேல் காவலுக்கு வந்து நின்றது. இறைச்சியையும் மரக்கறியையும் பொதிசெய்து தட்டில் அடுக்கி, வாங்குபவரே எடுத்துப் பார்க்கும் சுப்பர் மார்க்கெட் முறை பரவுவதற்கு இந்தத் தாள் பெரிய காரணம்.

நீர்த்தன்மையானதை ஊடுருவவிடும் அதே 'குறை' இன்னொரு இடத்தில் உயிர் காத்தது. 1943இல், ஜேர்மன் படைகள் பிடித்துவைத்திருந்த நெதர்லாந்தில், கம்பன் என்ற சின்ன ஊரின் வைத்தியசாலையில் வில்லெம் கொல்ஃப் என்ற இளம் வைத்தியர் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்காக ஒரு இயந்திரம் செய்தார். சொசேஜ் செய்யப் பாவிக்கும் செலோபேன் குழாயை மரச் சட்டங்களாலான உருளையில் சுற்றினார். குழாய்க்குள் நோயாளியின் இரத்தம், வெளியே உப்புக் கரைசல். நச்சுக் கழிவு தாளைக் கடந்து வெளியே போகும். இரத்த அணுக்கள் உள்ளேயே நிற்கும். ஆரம்ப நோயாளிகள் பெரும்பாலும் இறந்துபோனார்கள். 1945இல் ஒருவர் பிழைத்தார். பிறகு பல பத்தாண்டுகள் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரங்களில் செலுலோசு மென்றகடுகளே இருந்தன. உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அவை தேவையில்லாமல் உசுப்புகின்றன எண்டு தெரிந்தபோது, மேற்பரப்பை மாற்றிய செலுலோசும் பிறகு வேறு செயற்கை மென்றகடுகளும் வந்தன. வடமத்திய மாகாண விவசாயக் குடும்பங்களைச் சிறுநீரக நோய் வாட்டும் நாட்டில் இருந்துகொண்டு இந்தக் கதையைச் சாதாரணமாகக் கடந்துபோக எங்களால் முடியவில்லை.

கணக்கில் வராத குறை

இதுவரை சொன்னது வெற்றிக் கதை. கம்பனி வரலாறுகளும் தொழில்நுட்பப் புத்தகங்களும் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடும். இனி வைத்தியர்கள் எழுதிவைத்ததைப் பார்ப்போம்.

காபனிருசல்பைட்டு 46 பாகையில் கொதிக்கும். அதாவது அறை வெப்பத்திலேயே இலகுவாக ஆவியாகும். விஸ்கோஸ் வருவதற்கு முன்பே இறப்பர்த் தொழிலில் அது பாவனையில் இருந்தது. 1856இல் பாரிஸ் வைத்தியர் ஓகுஸ்ற் டெல்பெக், சின்ன அறைகளில் இறப்பர் பலூன் போன்றவற்றைச் செய்த தொழிலாளர்களைப் பற்றி எழுதினார். முதலில் காரணமில்லாத பரபரப்பு, கோபம், தலையிடி, கெட்ட கனவு. பிறகு கை கால் மரத்துப்போதல், மறதி, சோர்வு. இங்கிலாந்தில் தோமஸ் ஒலிவர் என்ற வைத்தியர், நஞ்சு தலைக்கேறித் தொழிலாளர்கள் கீழே குதிக்காமல் இருக்க யன்னல்களுக்குக் கம்பி போட்ட இறப்பர் ஆலையைப் பற்றி எழுதினார். கவனியுங்கோ: வாயுவை நிறுத்தவில்லை, யன்னலை அடைத்தார்கள்.

டெல்பெக் எழுதியது 1856இல். விஸ்கோஸ் காப்புரிமை 1892இல். இடையில் 36 வருடம். நஞ்சு எண்டு தெரியாமல் தொடங்கிய தொழில் அல்ல இது.

விஸ்கோஸ் ஆலைகளில் அதே நோய்கள் திரும்பவும் வந்தன. நூற்கும் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கண் எரிந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போனது. அமிலத் தொட்டியில் உண்டாகும் ஐதரசன் சல்பைட்டின் வேலை அது. வேறு சிலருக்குப் புத்தி பேதலித்தது. அமெரிக்காவில் தொழில்சார் நோய்களை ஆராய்ந்த முன்னோடி, ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் நியமனம் பெற்ற முதல் பெண் ஆசிரியர் அலிஸ் ஹமில்ற்றன். ஓய்வு பெற்ற பிறகு, 1930களின் பிற்பகுதியில் பென்சில்வேனியாவில் ரேயோன் தொழிலாளர்களைப் பற்றிய பெரிய ஆய்வுக்கு அவர் காரணமாக இருந்தார். ஒருவரை மனநல வைத்தியசாலையில் சேர்த்தால் குடும்பப் பிரச்சினை, குடி எண்டு சொல்லி முடித்துவிடுவார்கள். ஆலையைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஹமில்ற்றன் போன்றவர்கள் கேட்டார்கள். 1940இல் அந்த விபரங்கள் அமெரிக்கத் தொழில் திணைக்களத்தின் அறிக்கையாக வெளிவந்தன.

தீர்வு ஒன்றும் அதிசயமானது இல்லை. நூற்கும் இயந்திரத்தை மூடிக் கட்ட வேண்டும், வாயுவை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும், ஒருவரையே நெடுக அந்த இடத்தில் நிறுத்தக் கூடாது. சில ஆலைகள் செய்தன. புத்தி பேதலிப்பவர்களின் எண்ணிக்கை குறைந்தது. பிரச்சினை முடிந்தது எண்டு நினைத்திருந்த நேரத்தில், 1968இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை ஒன்றில் வந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. குறைந்த அளவு நஞ்சை வருடக்கணக்காகச் சுவாசித்த விஸ்கோஸ் நூற்பாளர்கள் மற்றவர்களைவிட அதிகமாக மாரடைப்பால் செத்துக்கொண்டிருந்தார்கள். பின்லாந்தில் நடந்த ஆய்வும் அதையே சொன்னது. மாரடைப்பு ஊரில் எல்லோருக்கும் வருகிற வருத்தம். ஆகவே இந்தச் சாவுகள் ஒரு ஆலையின் கணக்கிலும் ஏறவில்லை.

இப்ப அந்த இரண்டு இலக்கங்களைப் பாருங்கோ. 1941இல் அமெரிக்காவில் ஏற்றுக்கொண்ட எல்லை, காற்றின் பத்து இலட்சம் பங்கில் 20 பங்கு காபனிருசல்பைட்டு. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தின் எட்டு மணித்தியால எல்லை இன்றைக்கும் அதே 20தான். அதே நாட்டின் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனம் பரிந்துரைப்பது 1. நூலின் தடிப்பில் இருபது மடங்கு வித்தியாசம் இருந்தால் அந்த நூலை எந்தக் கம்பனியாவது வாங்குமா?

முள்வேலிக்குள் நூற்றவர்கள்

வைத்தியர்களின் பதிவுக்கு வெளியே இன்னொரு வகைச் சாட்சியம் இருக்கிறது. பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்ததற்காகக் கைதான கலை வரலாற்றாசிரியர் அன்யெஸ் ஹம்பேர், ஜேர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டு, கிரேஃபெல்ட் நகரின் ஃபிறிக்ஸ் ரேயோன் ஆலையில் அடிமை வேலை செய்தார். விடுதலையான பின் 1946இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பில், அமிலம் பட்டுப் புண்ணான கைகளையும் வாயுவால் பார்வை போய் வலியில் துடித்த பெண்களையும் பற்றி எழுதியிருக்கிறார். தொழில்நுட்ப நூல்களில் 'நூற்கும் தொட்டி' எண்டு ஒரு வரியில் வருவது, அவருடைய எழுத்தில் ஒரு மனிசியின் நாளாக வருகிறது. ஒஸ்ரியாவின் லென்சிங் ஆலைக்கு 1944இன் கடைசியில் மௌத்தவுசன் வதைமுகாமின் பெண்கள் கிளை ஒன்றையே அமைத்தார்கள். சுதந்திரமான தொழிலாளி ஓடிப்போகும் வேலைக்கு, ஓட முடியாதவர்களைக் கொண்டுவந்தார்கள்.

வரலாறு படிக்கிற எங்களுக்கு இது முக்கியமான இடம். ஒரே ஆலையைப் பற்றிக் கம்பனி ஆவணம் ஒன்று சொல்லும், வைத்தியரின் அறிக்கை ஒன்று சொல்லும், கைதியின் நினைவு இன்னொன்று சொல்லும். மூன்றும் உண்மையாக இருக்கலாம். ஆனால் முதலாவதை மட்டும் வாசித்தால் 'தரம்' என்ற சொல்லுக்கு நூல் மட்டும்தான் பொருள்.

ஒரு இயந்திரத்தின் பயணம்

1960களில் தென்கொரியா ஜப்பானின் ரோயோ ரேயோன் கம்பனியிடமிருந்து பாவித்த விஸ்கோஸ் இயந்திரங்களை வாங்கியது. சியோலுக்குக் கிட்ட வொன்ஜின் ரேயோன் என்ற ஆலை எழுந்தது. ஏற்றுமதி, வளர்ச்சி, தேசத்தின் பெருமை எண்டு பேசிய காலம். 1980களில் தொழிலாளர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். பக்கவாதம், சிறுநீரகப் பழுது, பேச்சு குழறல், மனக்குழப்பம். இளம் வயதிலேயே இதெல்லாம் ஏன் எண்டு கேட்டபோது சரியான பதில் வரவில்லை.

1987இல் கொரியாவில் சனநாயகப் போராட்டம் வென்ற பிறகு, நோயாளிகளும் குடும்பங்களும் இளம் வைத்தியர்களும் ஒன்றுசேர்ந்தார்கள். 1991இல் இறந்த ஒரு தொழிலாளியின் மரணத்தைத் தொழில் நோய் எண்டு ஏற்கும்படி கேட்டு, அவருடைய உடலை அடக்கம் செய்யாமல் 137 நாட்கள் போராடினார்கள். 1993இல் ஆலை மூடப்பட்டது. கடைசியில் 900க்கு மேற்பட்டோர் நஞ்சினால் பாதிக்கப்பட்டவர்களாக அங்கீகரிக்கப்பட்டார்கள். போராடிப் பெற்ற நிதியிலிருந்து அவர்கள் வைத்தியசாலையும் கட்டினார்கள்.

இயந்திரங்களுக்கு என்ன நடந்தது? அவற்றைக் கழற்றிச் சீனாவின் டன்டொங் நகரத்துக்கு விற்றார்கள். ஜப்பானிலிருந்து கொரியா, கொரியாவிலிருந்து சீனா. தொழிலாளர்கள் கேள்வி கேட்கத் தொடங்கும் நாட்டிலிருந்து, இன்னும் கேட்காத நாட்டுக்கு. காலனித்துவம் பற்றி விரிவுரையில் படிக்கும் 'மையமும் விளிம்பும்' இவ்வளவு தெளிவாகக் கப்பலேறிப் போனதை நாங்கள் வேறெங்கும் வாசிக்கவில்லை.

தமிழர்களுக்குக் கிட்டவும் இந்தக் கதை வந்துபோயிருக்கிறது. இந்தியாவின் ஆரம்பகால ரேயோன் ஆலைகளில் ஒன்றான திருவிதாங்கூர் ரேயோன்ஸை இன்றைய கேரளத்தின் பெரும்பாவூரில் நிறுவியவர், இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். அந்த ஆலை பின்னாளில் செலோபேனும் செய்தது. கோயம்புத்தூர் மாவட்டத்தின் சிறுமுகையில் பவானி ஆற்றங்கரையில் சவுத் இந்தியா விஸ்கோஸ் இயங்கியது. அதன் கூழுக்காக நீலகிரியில் புல்வெளிகள் இருந்த இடங்களில் சீகை மரமும் தைல மரமும் நட்டார்கள். கழிவு ஆற்றில் இறங்கியது. மீனவர்களும் விவசாயிகளும் போராடினார்கள். இரண்டு ஆலைகளும் இப்ப இல்லை. நஞ்சு ஆலைச் சுவரோடு நிற்பதில்லை, காட்டில் தொடங்கி ஆற்றில் முடிகிறது என்பதற்குச் சிறுமுகை ஒரு பாடம்.

நூறு வருடம் கழித்து வந்த பதில்

காபனிருசல்பைட்டே இல்லாமல் செலுலோசைக் கரைக்க முடியாதா? முடியும். நீண்ட பெயர் கொண்ட ஒரு அமீன் ஒட்சைட்டுக் கரைப்பானில் மரக்கூழை நேரடியாகக் கரைத்து, நீருக்குள் இழுத்து நூலாக்கலாம். கரைப்பானில் 99 வீதத்துக்கு மேல் மீட்டுத் திரும்பப் பாவிக்கலாம். நனைந்தாலும் நூலின் பலம் பெரிதாகக் குறையாது. இதுதான் லையோசெல். 'ரென்செல்' என்ற பெயரில் அதை வர்த்தக அளவில் செய்யத் தொடங்கியது அதே கோர்டோல்ட்ஸ் கம்பனிதான். 1992இல், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில். விஸ்கோஸ் காப்புரிமைக்குச் சரியாக நூறு வருடம் கழித்து. லையோசெலுக்கும் ஒரு குறை இருந்தது: உரசும்போது மேற்பரப்பில் நுண்ணிய இழைகள் பிரிந்து மயிர் கிளம்பும். அதைத் தீர்க்க உடனேயே ஆராய்ச்சி தொடங்கிவிட்டது, பெருமளவு தீர்ந்தும்விட்டது.

இதைத்தான் ஆரம்பத்தில் மனதில் வைக்கச் சொன்னோம். வாங்குபவருக்குத் தெரியும் குறை சில வருடங்களில் தீர்கிறது. எரிந்த நூல், அறுந்த நூல், நமுத்த இனிப்பு, மயிர் கிளம்பிய துணி எல்லாவற்றுக்கும் ஆய்வுகூடமும் பணமும் கிடைத்தன. செய்பவரின் உடம்பில் மட்டும் தெரியும் குறை, 1856இலிருந்து தெரிந்திருந்தும் வரிசையில் கடைசியில் நின்றது. அது அறிவில்லாமையால் வந்த தாமதம் அல்ல. தரத்தை அளக்கும் அளவுகோல் யார் கையில் இருந்தது என்பதால் வந்த தாமதம்.

விஸ்கோஸைத் தூக்கி எறியுங்கோ எண்டு நாங்கள் சொல்லவில்லை. பொலியெஸ்டர் மண்ணில் உக்காது. பருத்தி தண்ணீரைக் குடிக்கும். மரத்திலிருந்து வரும், மண்ணோடு போகும் ஒரு நார் உலகத்துக்குத் தேவை. நன்றாக மூடிக் கட்டி, வாயுவைப் பிடித்துத் திரும்பப் பாவிக்கும் விஸ்கோஸ் ஆலைகளும் இன்றைக்கு உண்டு. ஆனால் செலுலோசு நார்களில் பெரும்பங்கு இன்னும் பழைய வழியில்தான் வருகிறது. எல்லா ஆலைகளும் அப்படி மூடிக் கட்டியவை அல்ல.

இலங்கையில் கட்டுநாயக்க போன்ற வலயங்களில் எங்கட வயதுப் பிள்ளைகள் தைக்கும் உடுப்புகளுக்கான துணி பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. தைப்பவரின் சம்பளத்தையும் நேரத்தையும் பற்றிக் கதைக்க எங்களுக்குக் கொஞ்சமாவது பழக்கம் இருக்கிறது. துணிக்கு முன்னால் நூல், நூலுக்கு முன்னால் தொட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆள். அந்த ஆள்வரைக்கும் கதையைக் கொண்டுபோக வேண்டும். லேபலில் நாரின் பெயர் இருக்கிறது, தைத்த நாட்டின் பெயர் இருக்கிறது, எந்தச் சூட்டில் மினுக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. நூற்றவர் சுவாசித்த காற்றில் எத்தனை பங்கு எண்டு அதில் எழுதியில்லை.